நாலு இருபதுக்கு

விடிய நாலு இருபதுக்கு எழும்பும் என்று
மாங்குளம் போட்டோக்கொப்பிக் கடையில் சொன்னான் கோபிதன்.
இருபத்தொரு செய்மதியை ஒரே வயிற்றில் சுமந்துகொண்டு
கடலுக்கு அங்காலே இருந்து ஒரு ரொக்கெற்.
பிறகு எங்களுக்கும் இன்ரநெற் வருமாம்,
ரவர் இல்லாமல், வயர் இல்லாமல்,
வானத்திலிருந்து நேரே.
நான் மிச்சக் காசை எண்ணிக்கொண்டு நின்றேன்.
பதினைந்து ரூபாய் குறைந்தது.

இப்போது மணி மூன்று.
ஒலுமடுவில், பாலை மரத்துப் பரணில் இருக்கிறேன்.
கீழே இரண்டரை ஏக்கர், குடலைப் பருவம்.
மடியில் ரோச், ஒரு போத்தல் தேத்தண்ணி,
வனசீவராசிக் கந்தோர் தந்த ஆனை வெடி மூன்று.
தேத்தண்ணி எப்போதோ ஆறிவிட்டது.

இந்த மரத்தில் ஒரு கொப்பு இருக்கிறது.
போனை அதில் சாய்த்து, மேற்கே பார்க்க வைத்தால்
ஒரு கோடு சிக்னல் விழும்.
காற்றடித்தால் அதுவும் இல்லை.
கொரோனா வருசம் என் மகள் தர்மிளா
பத்தாம் வகுப்பை இந்தக் கொப்பிலிருந்துதான் படித்தாள்.
கணக்கு வாத்தியார் ஒரு சமன்பாட்டின் நடுவில்
வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார்.
மிச்சத்தை அவளே செய்து முடிப்பாள்.

கோபிதன் விலையும் சொன்னான்.
தட்டு ஒன்று, பெட்டி ஒன்று, மாதக் கட்டணம் வேறு.
மனதுக்குள் மூட்டையாக மாற்றிப் பார்த்தேன்.
தட்டுக்கு இந்த வயலின் கால்வாசி,
பிறகு மாதா மாதம் இரண்டு மூட்டை,
ஆனை மிச்சம் விட்டால்.

செய்மதிகள் ஒன்றின் பின் ஒன்றாய்
வரிசை கட்டிப் போகும்.
எனக்குத் தெரியும், போன வருசமும் ஒரு வரிசை போனது.
பக்கத்து வயல் யோகநாயகி
வரப்பில் அப்படியே குப்புற விழுந்து படுத்தாள்.
பிறகு எழும்பி, முகத்துச் சேற்றைத் துடைத்து,
"வண்டெண்டு நினைச்சன்" என்றாள்.
முதலில் வண்டு வந்து பார்க்கும்,
பார்த்துவிட்டுப் போனால் கிபிர் வரும்,
அந்த நாளில் அப்படி.
இரண்டு பேரும் சிரித்தோம்.
நானும் குந்தியிருந்ததை அவள் காணவில்லை.

மேலே போனது எங்கேயோ விழும் என்று பழகிய சனம் நாங்கள்.
விழாமல் அங்கேயே சுற்றுகிற ஒன்றை நினைத்துப் பார்க்க
எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது.

உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும்
எந்த நம்பரையும் பிடிக்கலாம் என்றான்.
நம்பரே இல்லாமல் போனவரை?
அந்த மே மாதம் என் மனுசனிடம் போன் இருக்கவில்லை,
ஒரு ரோச்சும் என் சாரிக் கிழிசலும்தான் இருந்தன.
கேட்க வாய் எடுத்தேன்.
கோபிதனுக்கு அப்போது நாலு வயது.
கடையில் சனம் வேறு.
போட்டோக்கொப்பிக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலு பதினெட்டு.
கொப்பில் போன். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி
ஒரு வெள்ளைத் தூண் தெரிந்தது, அடியில் புகை.
ஆரோ எண்ணத் தொடங்கினார்கள்.
பத்து. ஒன்பது. எட்டு.
ஏழில் நின்றுவிட்டது, வாத்தியாரைப் போல.

அப்போதுதான் மணம் வந்தது.
சத்தம் பிறகுதான், வேலிப்பக்கம் தடி முறிகிற சத்தம்.
ரோச் அடித்தேன்: ஒரு காது, பாதித் தந்தம்.
திரியில் நெருப்பு வைத்தால் ஐந்துக்குள் எறிய வேண்டும்.
ஐந்து, நாலு, மூன்று,
என் கையிலிருந்து ஒன்று எழும்பிப் போனது.
வயல் முழுக்க ஒரு கணம் பகல்.
கதிர் ஒவ்வொன்றும் தெரிந்தது.
காடு முறிந்து முறிந்து தூரப் போனது.

நெஞ்சு அடங்கிப் போனைப் பார்த்தேன்.
எரிபொருள் வாயிலில் கோளாறாம்.
ஏவுதல் ஒத்திவைப்பு.
நாளைக்கு, அதே நேரம்.

நாளைக்கும் எனக்கு இங்கேதான் காவல்.
வெடி இரண்டு இருக்கிறது.